பேரேடு யாருடையது?

வியாபாரத்தில் நொடித்துப் போனவனை, "மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான்" என்று நம் நாட்டில் சொல்லுவது வழக்கம். அந்த வார்த்தையில் ஏளனம் உண்டு. சிறிது அனுதாபமும் உண்டு. கடன்பட்டவன் தன் சொத்தின் ஜாபிதாவையும் கடனின் ஜாபிதாவையும் கோர்ட்டில் வைத்து, "இருப்பது இவ்வளவுதான், பங்கிட்டுக் கொள்ளுங்கள்" என்று கையை விரிப்பதற்கே அப்படிப் பெயர். கையை விரிக்கிறவன் உண்மையாகவே விரிக்க வேண்டும். ஒரு விரலைக்கூட மடக்கி வைத்துக் கொள்ளக் கூடாது. தனி மனிதன் விஷயத்தில் இது எல்லோரும் ஒப்புக்கொண்ட நியாயம். ஆனால் நொடித்தது ஒரு லிமிடெட் கம்பெனியாக இருந்துவிட்டால் இந்தச் சாதாரண நியாயம் மறந்து போகிறது. கம்பெனி கையை விரிக்கிறது. அதை நேற்று வரையில் நடத்திய டைரக்டரோ கையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நிற்கிறார். பேரேடு எங்கே என்று கேட்டால் ஆடிட்டரிடம் இருக்கிறதென்கிறார். ஆடிட்டரைக் கேட்டால் டைரக்டரிடமே திருப்பிக் கொடுத்தாய்விட்டதென்கிறார். கம்ப்யூட்டரைத் திறக்கும் கடவுச் சொல் ராஜினாமாச் செய்துவிட்ட குமாஸ்தாவுக்குத்தான் தெரியும். அந்தக் குமாஸ்தா எந்த ஊருக்குப் போனாரென்பது ஒருவருக்கும் தெரியாது. இந்த நாடகத்தைப் பற்றி நேயர்களுக்கு இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறதென்று பார்ப்போம். கம்பெனிச் சட்டத்தின் பழைய கலைப்பு முறையும், 1985-ம் வருஷத்து நலிந்த தொழிற் கம்பெனிகள் சட்டமும் கடன் கொடுத்தவர்களை வருஷக் கணக்கில் காக்க வைத்தன. அந்த அனுபவத்தின் பயனாக, பார்லிமெண்டு 2016-ல் நொடிப்பு, திவால் சட்டத் தொகுதியை நிறைவேற்றியது. கம்பெனிகளின் நொடிப்பைப் பற்றிய ஏற்பாடுகள் அவ்வருஷம் டிசம்பர் 1-ந் தேதி அமுலுக்கு வந்தன. கம்பெனி பணம் கொடுக்கத் தவறினால், கடன் கொடுத்தவரோ கம்பெனியோ தேசியக் கம்பெனிச் சட்ட டிரிபியூனலில் மனுச் செய்து கொள்ளலாம். மனு ஏற்கப்பட்டு, நிபுணர் ஒருவர் நியமிக்கப்பட்டதும், டைரக்டர் சபையின் அதிகாரம் நிறுத்தி வைக்கப்படுகிறது. கம்பெனியின் நிர்வாகம் அந்த நிபுணரின் கைக்கு மாறுகிறது. 'ரெஸொல்யூஷன் புரொபஷனல்' என்று சட்டம் அழைக்கும் அவரை நாம் இங்கே தீர்வு நிபுணர் என்று குறிப்பிடுவோம்.

அந்தச் சட்டத்தின் 19-வது பிரிவு மிகவும் தெளிவானது. கம்பெனியின் சிப்பந்திகளும், அதைத் தொடங்கி நடத்தியவர்களும், நிர்வாகத்தோடு சம்பந்தப்பட்ட வேறு எவரும் தீர்வு நிபுணருக்குச் சகலவிதமான உதவியும் ஒத்துழைப்பும் அளிக்க வேண்டுமென்று அது விதிக்கிறது. சிப்பந்தி என்ற சொல்லில் டைரக்டரும் அடங்குவாரென்று சட்டமே வியாக்கியானம் செய்திருக்கிறது. ஒத்துழைக்காதவர் மீது நிபுணர் டிரிபியூனலில் மனுச் செய்யலாம்; டிரிபியூனல் அவரை ஒத்துழைக்கும்படி உத்தரவிட வேண்டும். கம்பெனியை மீட்க வழியில்லாமல் கலைக்க நேர்ந்தாலும் இதே கடமை தொடர்ந்து நிற்கிறது. 34-வது பிரிவின்படி கலைப்பாளருக்கும் அதே ஒத்துழைப்பைக் கொடுத்தாக வேண்டும். இதற்கு மேல் 70-வது பிரிவு இருக்கிறது. சொத்து விவரத்தை வெளியிடாத, தன் வசமுள்ள சொத்தை ஒப்படைக்காத, கணக்குப் புஸ்தகங்களையும் தஸ்தாவேஜுகளையும் கொடுக்காத உத்தியோகஸ்தருக்கு மூன்று வருஷத்துக்குக் குறையாமல் ஐந்து வருஷம் வரையில் சிறைவாசமோ, ஒரு லட்சத்துக்குக் குறையாமல் ஒரு கோடி ரூபாய் வரையில் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். தமக்குக் கெட்ட எண்ணம் இல்லையென்று ருஜுப்பித்தவருக்கு அதே பிரிவு விலக்கும் அளித்திருக்கிறது. சட்டத்தைப் படிக்கிறவருக்கு அதில் குறை காணுவது கஷ்டம்.

இவ்வளவு கடுமை ஏன் என்று சிலர் கேட்கலாம். தீர்வு நிபுணரின் நிலைமையைச் சற்று யோசித்துப் பார்த்தால் விடை விளங்கிவிடும். அவர் அந்த ஆபீஸுக்குள் அன்றுதான் முதன் முதலாகக் காலடி எடுத்து வைக்கிறார். எந்தக் கிடங்கில் எவ்வளவு சரக்கு இருக்கிறது, எந்த ஊர் வியாபாரி எவ்வளவு பாக்கி, எந்த யந்திரம் எந்தப் பாங்கிக்கு ஈடு என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. தெரிந்தவர் ஒருவரே, அவர்தான் நேற்றைய டைரக்டர். நிபுணருக்கு உள்ள அவகாசமோ சொற்பம். 180 நாட்களில் காரியம் முடிய வேண்டும். மேற்கொண்டு 90 நாள் வாங்கலாம். வழக்கு விவகாரங்களையும் சேர்த்து 330 நாட்களுக்குள் முடிக்க வேண்டுமென்று 2019-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். அந்த எல்லையை எந்நிலையிலும் மீறவே கூடாதென்பதைச் சுப்ரீம் கோர்ட்டு அதே வருஷம் தளர்த்தியதாயினும், விதிவிலக்கான சந்தர்ப்பங்களுக்கே அந்தத் தளர்ச்சி. இந்த நாட்களில் முதல் நாற்பது நாள் பேரேட்டைத் தேடுவதிலேயே கழிந்தால் மிச்சம் என்னவென்று நேயர்களே கணக்குப் போட்டுக் கொள்ளலாம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. கம்பெனி முழுகப் போகிறதென்று தெரிந்தவுடன், வேண்டிய ஒரு கடன்காரருக்கு மாத்திரம் பணத்தைக் கொடுத்துவிட்டு மற்றவர்களை நட்டாற்றில் விடுவதை 43-வது பிரிவு தடுக்கிறது. அப்படிக் கொடுத்ததை ரத்துச் செய்து திரும்ப வாங்கலாம். பணம் போனது டைரக்டரின் பந்துக்களைப் போன்ற சம்பந்தப்பட்டவர்களுக்கென்றால் இரண்டு வருஷம் பின்னோக்கிப் பார்க்கலாம். மற்றவர்களுக்கென்றால் ஒரு வருஷம். இத்தகைய கொடுக்கல் வாங்கல் உண்டா என்பதைப் பற்றித் தீர்வு நிபுணர் 75-வது நாளுக்குள் ஓர் அபிப்பிராயத்துக்கு வர வேண்டுமென்று விதிகள் கூறுகின்றன. பேரேடும் நாள்வழிக் கணக்கும் இல்லாமல் அவர் எதைப் பார்த்து அபிப்பிராயத்துக்கு வருவார்? கணக்கை ஒளிக்கிற டைரக்டர் வெறும் காகிதத்தை ஒளிக்கவில்லை. மைத்துனருக்கும் மருமகனுக்கும் போன பணத்தின் கால் தடத்தை அழிக்கிறார். 2017-ல் வந்த 29-ஏ பிரிவுக்குப் பிறகு அவருக்கு வேறொரு காரணமும் ஏற்பட்டிருக்கிறது. கடனைக் கட்டாமல் கம்பெனியை முழுக அடித்தவரே அதை மலிவாகத் திரும்ப வாங்கிக் கொள்ளுவதை அப்பிரிவு பெரும்பாலும் தடுத்துவிட்டது. தமக்குக் கிடைக்காத கம்பெனி வேறொருவருக்கு நல்ல விலைக்குப் போவதில் தமக்கென்ன லாபம் என்று அவர் நினைக்கிறார். நாள் கடந்தால் யந்திரம் துருப்பிடிக்கும், வாடிக்கைக்காரர் கலைந்து போவார், விலை இறங்கும். தாமதமே அவருடைய ஆயுதம்.

இதனால் யாருக்கு நஷ்டம் என்பதே முக்கியமான கேள்வி. பெரிய பாங்கிகளுக்கு நஷ்டம் இல்லையென்று சொல்ல மாட்டோம். அது கடைசியில் பொது ஜனங்கள் போட்டுவைத்த பணமே. ஆயினும் பாங்கி தன் அடமானத்தை ரிஜிஸ்தர் செய்து வைத்திருக்கிறது. தன் கணக்கைத் தானே எழுதி வைத்திருக்கிறது. அதற்குக் கம்பெனியின் பேரேடு இல்லாமலும் ஒருவாறு நடக்கும். பேரேடு இல்லாமல் நடவாதவர்கள் இருவர். நூலும் அட்டைப் பெட்டியும் கரியும் கடனாகக் கொடுத்த சின்ன வியாபாரி ஒருவர். வேலை செய்த தொழிலாளி மற்றொருவர். கலைப்பு நாளுக்கு முந்தின 24 மாதத்துச் சம்பள பாக்கிக்கு, ஈட்டை விட்டுக் கொடுத்துவிட்டு வரும் பாங்கியோடு சமமான ஸ்தானத்தை 53-வது பிரிவு தொழிலாளிக்கு அளித்திருக்கிறது. பிராவிடண்டு பண்டு, கிராசுவிடி நிதிகளில் அவருக்குச் சேர வேண்டிய பணத்தைக் கலைப்புச் சொத்தில் சேர்க்கவே கூடாதென்று 36-வது பிரிவு சொல்கிறது. இவை உயர்ந்த பாத்தியதைகள். ஆனால் பாத்தியதையை நிரூபிக்கச் சம்பள ரிஜிஸ்தர் வேண்டும். அது யார் கையில் இருக்கிறது?

நமக்கே ஓர் அனுபவம் உண்டு. சில வருஷங்களுக்கு முன்பு, கலைக்கப்பட்ட ஒரு மில்லின் தொழிலாளிகளுக்காக நாம் வக்காலத்து வாங்கி நடத்தினோம். மில்லின் பெயரும் மனிதர் பெயரும் இங்கே அவசியமில்லை. சம்பள ரிஜிஸ்தரையும் பேரேட்டையும் கரையான் அரித்துவிட்டதென்று டைரக்டர் பிரமாண வாக்குமூலம் கொடுத்தார். கிடங்கில் அரிபட்ட காகிதக் குப்பையைக் காட்டவும் செய்தார். தொழிலாளிகளிடம் இருந்ததெல்லாம் கசங்கிப்போன சம்பளச் சீட்டுக்களே. அவையும் பலரிடம் இல்லை. முப்பது வருஷம் தறியடியில் நின்ற கிழவர் ஒருவர், தாம் அங்கே வேலை பார்த்ததற்கு ருஜு என்னவென்று கேட்கப்பட்டபோது, ஒன்றும் சொல்லத் தெரியாமல் நூல் அறுத்த தழும்பேறின தம் விரல்களை நீட்டிக் காட்டினார். இது நடந்து ஏழெட்டு மாதத்துக்குப் பின்பு, டைரக்டரின் நெருங்கிய பந்து ஒருவர் தாமும் மில்லுக்குக் கடன் கொடுத்திருப்பதாக ஒரு கோரிக்கையைத் தாக்கல் செய்தார். அதற்கு ஆதாரமாக வந்து சேர்ந்தது அதே வருஷத்துப் பேரேடு. ஒரு மூலைகூட மடங்காமல், புதுக் கருக்கு அழியாமல் இருந்தது. கரையானுக்கும் பந்துத்துவம் தெரியும் போலிருக்கிறது! அந்தப் பேரேட்டைக் கொண்டே பிறகு தொழிலாளிகளின் பாக்கியில் ஒரு பகுதியை நிரூபித்தோம். ஆனால் தீர்ப்பு வந்த நாளில் அந்தக் கிழவர் இல்லை.

ஆகவே அடிப்படையான கேள்விக்கு வருவோம். பேரேடு யாருடையது? டைரக்டர்கள் பலர் அதைத் தம்முடைய சொந்த உடைமை போலவே பாவிக்கிறார்கள். இந்த எண்ணம் எங்கிருந்து வந்ததென்பதற்குச் சென்னையின் பழைய சரித்திரம் ஒன்றை நினைவூட்ட வேண்டும். 1906 அக்டோபர் 22-ந் தேதி ஆர்பத்னாட் கம்பெனி கதவை மூடியது. கம்பெனி என்ற பெயர் இருந்ததே தவிர, அது லிமிடெட் கம்பெனியன்று, கூட்டு வியாபாரம். உத்தியோகஸ்தர்களும் விதவைகளும் மிராசுதார்களும் நம்பிப் போட்டிருந்த பணம் போயிற்று. ஆனால் அந்த நாளில் கூட்டாளிக்குப் பொறுப்பு வரம்பற்றது. கடை நொடித்தால் அவருடைய பங்களாவும் போகும், வண்டி குதிரையும் போகும். ஸர் ஜார்ஜ் ஆர்பத்னாட் கைது செய்யப்பட்டு, விசாரிக்கப்பட்டு, சிறைத் தண்டனையும் அடைந்தார். கடன் கொடுத்தவர்களின் தரப்பில் முன்னின்ற வக்கீல் வி. கிருஷ்ணசுவாமி ஐயரும் வேறு பிரமுகர்களும் அந்தச் சாம்பலிலிருந்து 1907-ல் இந்தியன் பாங்கியை எழுப்பினார்கள் என்பது நம் மாகாணத்தார் பெருமையோடு நினைக்கும் விஷயம்.

கூட்டாளியின் அந்த வரம்பற்ற பொறுப்பைச் சட்டம் லிமிடெட் கம்பெனிக்கு நீக்கிக் கொடுத்தது. இங்கிலாந்தில் 1855-லும் இந்தியாவில் 1857-லும் இந்தச் சலுகை சட்டமாயிற்று. கம்பெனி என்பது வேறு ஆசாமி, அதை நடத்துகிறவர் வேறு ஆசாமி; கம்பெனியின் கடன் நடத்துகிறவரின் வீட்டு வாசலைத் தொடாது. பங்குதாரரும் போட்ட பணத்துக்கு மேல் இழக்க வேண்டியதில்லை. இந்தச் சலுகை இல்லாவிட்டால் ரெயிலும் மில்லும் கப்பலும் வந்திரா என்பதை நாம் ஒப்புக் கொள்ளுகிறோம். அதை ஒழிக்க வேண்டுமென்று சொல்லவில்லை. ஆனால் சலுகைக்கு ஒரு விலை உண்டல்லவா? கம்பெனி வேறு ஆசாமி என்று கடன்காரரிடம் சொல்லி வீட்டைக் காப்பாற்றிக் கொள்ளுகிற டைரக்டர், அந்த வேறு ஆசாமியின் பேரேட்டைத் தன்னுடையதென்று சொல்ல முடியாது. கடன் கம்பெனியுடையது என்றால் கணக்கும் கம்பெனியுடையதே. கிடங்குச் சாவியும், பாங்கிப் பாஸ் புஸ்தகமும், கம்ப்யூட்டரின் கடவுச் சொல்லும் கம்பெனியுடையவையே. அந்த வேறு ஆசாமி நோயில் விழுந்து, அதன் காரியத்தைப் பார்க்க வேறொருவர் வந்திருக்கும்போது, எல்லாவற்றையும் எடுத்து ஒப்படைத்து, "இன்னது இன்ன இடத்தில் இருக்கிறது" என்று சொல்லுவது உபகாரமன்று, கடன். டைரக்டர் கட்டியே தீர வேண்டிய கடன் அநேகமாக இது ஒன்றுதான். அதையும் கட்டமாட்டேனென்றால் எப்படி?

திவால் சட்டங்களின் சரித்திரம் முழுவதிலும் இந்த உடன்படிக்கை ஓடிக்கொண்டிருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆன் ராணி காலத்தில், இங்கிலாந்தில் ஒரு சட்டம் வந்தது. எல்லாவற்றையும் வெளியிட்டு ஒத்துழைக்கும் கடன்காரனுக்குக் கடனிலிருந்தே விடுதலை அளித்தது அந்தச் சட்டம். சொத்தை வஞ்சகமாக ஒளித்தவனுக்கோ தூக்குத் தண்டனை. 1761-ல் ஜான் பெர்ரட் என்ற லண்டன் வியாபாரியைச் சொத்தை ஒளித்த குற்றத்துக்காகத் தூக்கில் போட்டார்கள். அந்தக் குரூரம் ஒழிந்தது நல்லதே. ஆனால் ஒத்துழைப்புக்கு விடுதலை, ஒளிப்புக்குத் தண்டனை என்ற தத்துவம் ஒழியவில்லை. அந்நாட்டின் 1986-ம் வருஷத்துச் சட்டத்தில் 235-வது பிரிவு, நொடித்த கம்பெனியின் பொறுப்பை ஏற்றவர் கேட்கும் விவரங்களை டைரக்டர்கள் கொடுத்தாக வேண்டுமென்கிறது. தகுந்த காரணமின்றித் தவறினால் அது குற்றம். தகுதியற்ற டைரக்டரை இரண்டு முதல் பதினைந்து வருஷம் வரையில் எந்தக் கம்பெனிக்கும் டைரக்டராக இராதபடி விலக்கி வைக்கவும் அங்கே தனிச் சட்டம் இருக்கிறது. நொடித்த கம்பெனியின் கணக்கை ஒளித்துவிட்டு, அடுத்த தெருவில் புதுப் பெயரில் போர்டு மாட்டுவது அங்கே அவ்வளவு சுலபமன்று.

டைரக்டர்கள் தரப்பில் சொல்லப்படும் ஆட்சேபங்களையும் நேர்மையாக ஆராய வேண்டும். "எங்கள் அதிகாரத்தைத்தான் எடுத்துவிட்டீர்களே, இனி எங்களுக்கென்ன பொறுப்பு?" என்பது முதல் ஆட்சேபம். அதிகாரம் போனதென்பது வாஸ்தவம். கம்பெனியின் பெயரால் அவர்கள் அப்பீல் செய்யவும் முடியாதென்று 2017-ல் இன்னொவென்டிவ் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. ஆனால் அதிகாரம் போன அதே நாளில்தான் ஒத்துழைக்கும் கடமை பிறக்கிறதென்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். கிராமத்தில் பழைய கர்ணம் மாறிப் போகும்போது அடங்கலையும் சிட்டாவையும் எடுத்துக்கொண்டா போவார்?

"எனக்கு எதிராக நானே சாட்சி சொல்ல வேண்டுமா? அரசியல் சட்டத்தின் 20-வது ஷரத்து என்னைக் காக்கவில்லையா?" என்பது இரண்டாவது ஆட்சேபம். இதை நாம் இலேசாகத் தள்ளமாட்டோம். அந்தப் பாதுகாப்பு மனித சுதந்திரத்தின் அஸ்திவாரங்களில் ஒன்று; போலீஸ் அடக்குமுறையை அனுபவித்த இந்த நாட்டார் அதன் அருமையை அறிவார்கள். ஆனால் அந்த ஷரத்து குற்றம் சாட்டப்பட்டவருக்கே உரியது. தீர்வு நிபுணர் குற்றம் சாட்டுகிறவரல்லர், கணக்குக் கேட்கிறவர். கம்பெனியின் பேரேட்டைக் கம்பெனியின் நிர்வாகத்தை ஏற்றவரிடம் கொடுப்பது சாட்சியம் சொல்லுவதாகாது. பிறர் பொருளைத் திருப்பிக் கொடுப்பதாகும். உண்மையாகவே கிரிமினல் வழக்கு ஏற்பட்டவர், எந்தக் குறிப்பிட்ட கேள்விக்குப் பதில் சொன்னால் ஆபத்தென்று டிரிபியூனலிடம் எடுத்துச் சொல்லட்டும். ஒரு கேள்வியைக் காட்டி ஒரு பீரோ முழுவதையும் பூட்டி வைப்பது நியாயமன்று.

மூன்றாவது ஆட்சேபத்தில் உண்மை இருக்கிறது. தீர்வு நிபுணர் பாங்கிகளின் ஆளாக நடந்து கொள்ளுகிறார், எங்களிடம் எல்லாவற்றையும் வாங்கிக் கொண்டு எங்களுக்கு ஒன்றும் காட்டுவதில்லை என்கிறார்கள். சில இடங்களில் அப்படி நடந்ததென்பதற்கு வழக்குகளே சாட்சி. கடன் கொடுத்தவர்களின் கமிட்டிக் கூட்டத்தில், ஓட்டு இல்லாவிட்டாலும், வந்து உட்கார 24-வது பிரிவு பழைய டைரக்டர்களுக்கு இடம் கொடுத்திருக்கிறது. அவர்களுக்குக் கம்பெனியை மீட்கும் திட்டங்களின் நகல்களையும் கொடுக்க வேண்டுமென்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்மானமாகச் சொல்லிவிட்டது. இது மிகவும் சரியான தீர்ப்பு. ஒத்துழைப்பு ஒரு கைத்தட்டலால் ஓசை எழுப்புவதன்று. எதை வேண்டுமென்று குறிப்பாகக் கேட்காமல், "எல்லா ரிக்கார்டுகளையும் உடனே அனுப்புக" என்று ஒரு வரி எழுதிவிட்டு, மறு வாரமே ஒத்துழைப்பில்லையென்று மனுப் போடும் நிபுணர்களையும் நாம் பார்த்திருக்கிறோம். நொடித்தவர்கள் எல்லோரும் மோசக்காரர்களல்லர். பஞ்சு விலை ஏறி, அயல்நாட்டு ஆர்டர் நின்று, கொடுத்த கடன் வாராமல், யோக்கியமாகவே நஷ்டப்பட்டவர் அநேகர். அவர்களைத் திருடர்களைப் போல் நடத்தினால் உதவ வந்தவரும் விலகிப் போவார்.

இனி நடைமுறையைப் பார்ப்போம். இங்கேதான் நமது வருத்தம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதென்பதற்கு 19-வது பிரிவை உதாரணமாகக் காட்டலாம் போலிருக்கிறது. நிபுணர் மனுப் போடுகிறார். டைரக்டருக்கு நோட்டீஸ் போகிறது. வக்கீல் வந்து பதிலுக்கு வாய்தா கேட்கிறார். பதில் வந்தால் மறு பதிலுக்கு வாய்தா. கடைசியில் உத்தரவு வருகிறது. பாதிப் புஸ்தகங்கள் வருகின்றன. மீதிக்கு மறுபடியும் மனு. இதற்குள் 330 நாள் எங்கே போயிற்று? 70-வது பிரிவின் சிறைவாசமோ இன்னும் தூரத்தில் இருக்கிறது. அதன்படி வழக்குத் தொடர நிபுணருக்கு நேரே பாத்தியதையில்லை. திவால் போர்டோ மத்திய சர்க்காரோ, சர்க்காரின் அதிகாரம் பெற்றவரோ பிராது கொடுத்தாலொழிய விசேஷக் கோர்ட்டு விசாரணைக்கு எடுக்காது. அந்த விசேஷக் கோர்ட்டு எது, ஸெஷன்ஸ் ஜட்ஜுடையதா மாஜிஸ்திரேட்டுடையதா என்ற விவாதமே சட்டம் வந்து எட்டு வருஷத்துக்குப் பின்பு, 2024-ல், சுப்ரீம் கோர்ட்டில்தான் முடிந்தது. எட்டு வருஷம் எந்தக் கதவைத் தட்டுவதென்று வாதாடிய பிறகு உள்ளே போய் என்ன கேட்பது? கண் கெட்ட பிறகு செய்யும் சூரிய நமஸ்காரமாகவே இது முடிகிறது.

புதிய சட்டம் வேண்டுமென்று நாம் கூக்குரலிடவில்லை. இருக்கிற சட்டத்தை நடத்திக் காட்டினாலே போதும். முதலாவதாக, நிபுணர் பதவி ஏற்ற ஒரு வாரத்துக்குள், வேண்டிய புஸ்தகங்கள், சாவிகள், பாங்கிக் கணக்குகள், கடவுச் சொற்கள் ஆகியவற்றை இனம் இனமாக எழுதி டைரக்டர்களுக்கு அனுப்ப வேண்டும். ஒப்படைத்த ஒவ்வொன்றுக்கும் ரசீது கொடுக்க வேண்டும். இரண்டாவதாக, 19-வது பிரிவின் மனுவை மற்ற மனுக்களோடு வரிசையில் நிறுத்தாமல், பதினான்கு நாளைக்குள் தீர்ப்பதென்று டிரிபியூனல் ஒரு நியதி ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். தம்மிடம் இல்லையென்கிற டைரக்டர், கடைசியாக யாரிடம், எந்தத் தேதியில், எதன் மூலமாகக் கொடுத்தாரென்று பிரமாண வாக்குமூலத்தில் சொல்ல வேண்டும். மூன்றாவதாக, கம்பெனிச் சட்டத்தின் 429-வது பிரிவின்படி, கணக்குப் புஸ்தகங்களைக் கைப்பற்றிக் கொடுக்கும்படி மாஜிஸ்திரேட்டையோ ஜில்லாக் கலெக்டரையோ கேட்டுக்கொள்ள டிரிபியூனலுக்கு அதிகாரம் இருக்கிறது. அந்த அதிகாரத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டாமல் ஆரம்பத்திலேயே உபயோகிக்க வேண்டும். நான்காவதாக, வேண்டுமென்றே ஒளித்தவர்கள் மீது திவால் போர்டு தாமதமின்றிப் பிராது கொடுக்க வேண்டும். நூறு பேர் மீது வேண்டாம். வெளிப்படையான சிலர் மீது உடனுக்குடன் நடந்தாலே மற்றவர்கள் பீரோவைத் திறப்பார்கள். ஐந்தாவதாக, முழு மனத்தோடு ஒத்துழைத்த டைரக்டருக்கு, அவர் ஒத்துழைத்தாரென்பதை நிபுணர் தமது அறிக்கையில் எழுதி டிரிபியூனல் பதிவு செய்ய வேண்டும். யோக்கியமாக நொடித்தவர் மறுபடியும் தலை நிமிர்ந்து தொழில் தொடங்க அந்த நாலு வரி பெரிய மூலதனமாக இருக்கும்.

தமிழில் காசுக்கும் நாணயமென்று பெயர். சொன்ன சொல் தவறாமைக்கும் நாணயமென்று பெயர். கடல் கடந்து வட்டிக்கடை வைத்த நம் வியாபாரிகள், ஐந்தொகை எழுதி முடித்த பிறகே அந்த வருஷத்தை முடித்ததாகக் கருதினார்கள். லாபமானாலும் நஷ்டமானாலும் கணக்கு முதலாளியின் முன்னால் விரிய வேண்டுமென்பது அவர்களுடைய தொழில் தர்மம். லிமிடெட் கம்பெனியின் முதலாளி யார்? நொடிக்காத வரையில் பங்குதாரர். நொடித்த பிறகு கடன் கொடுத்தவரும் தொழிலாளியும். அவர்கள் முன்னால் கணக்கு விரிய வேண்டும். கம்பெனிகளில் பங்கு வாங்குகிறவர்களும், தொழிற்சங்கங்களில் உழைக்கும் நண்பர்களும் இதை வெறும் வக்கீல்களின் விவகாரமென்று ஒதுக்கிவிடக் கூடாது. கம்பெனி நடக்கும்போதே சம்பளச் சீட்டைப் பத்திரப்படுத்தவும், பிராவிடண்டு பண்டு கணக்கை வருஷந்தோறும் சரிபார்க்கவும் தொழிலாளிக்குக் கற்றுக் கொடுப்பது சங்கங்களின் வேலை. டைரக்டர்களுக்கு நாம் சொல்லுவது ஒன்றே. தொழிலில் தோற்றுப் போவது அவமானமன்று. தோற்ற பிறகு சாவியை இடுப்பில் சொருகிக் கொண்டு போவதே அவமானம். பேரேடு உங்களுடையதன்று. அதை ஒப்படைத்துவிட்டு வாருங்கள்.